பர்சனல் லோன்ல ஒட்டி வர்ற இன்சூரன்ஸ்: வச்சுக்கலாமா, கேன்சல் பண்ணலாமா, வேற எடுத்துட்டு கேன்சல் பண்ணலாமா?

5 லட்சம் லோன் கேட்டிருப்பீங்க, கைக்கு 5 லட்சமும் வந்திருக்கும், ஆனா லோன் பேப்பரைப் பாத்தா 5,15,000-னு போட்டிருக்கும். அந்த 15,000 என்னன்னு கேட்டா "இன்சூரன்ஸ் சார், உங்க ஃபேமிலி சேஃப்டிக்குத்தான், எல்லாருக்கும் போடுறதுதான்"னு பதில் வரும். சில இடத்துல இன்னொரு மாதிரி, 5 லட்சம் சாங்ஷன் ஆகி அதுல இருந்தே 15,000 புடிச்சுட்டு மிச்சத்தைத்தான் அக்கவுண்ட்ல போடுவாங்க. ரெண்டுமே ஒண்ணுதான், அந்த 15,000-க்கு நீங்க லோன் முடியுற வரைக்கும் வட்டி கட்டுறீங்க.

நான் மதுரைல சிம்மக்கல் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பாக்குறேன், அதனால சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்கன்னு யாரு லோன் எடுத்தாலும் பேப்பரைத் தூக்கிட்டு எங்கிட்டதான் வருவாங்க. சமீபத்துல வீட்டுக்குள்ளேயே ரெண்டு பேப்பர் வந்துச்சு. ஒண்ணு என் மச்சானோடது, வயசு 31, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைல வேல, வீட்டு மராமத்துக்கு 5 லட்சம். இன்னொண்ணு எங்க அண்ணனோடது, வயசு 53, சுகர் இருக்கு, காலேஜ் பஸ் ஓட்டுறாரு, மக கல்யாணத்துக்கு 4 லட்சம், மதினி கோ-அப்ளிகண்ட், அதாவது லோன்ல கூடச் சேர்ந்து கையெழுத்து போட்டவங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இன்சூரன்ஸ்தான் போட்டிருந்தாங்க, ஆனா ரெண்டு பேருக்கும் நான் சொன்ன பதில் வேற வேற. ஏன்னு விளக்கத்தான் இதை எழுதுறேன், ஏன்னா "லோன் இன்சூரன்ஸா, உடனே கேன்சல் பண்ணு"ன்னு ஒரே வார்த்தைல சொல்றவங்களும் தப்பு, "இருந்துட்டுப் போகட்டும், நல்லதுக்குத்தானே"ன்னு சொல்றவங்களும் தப்பு.

முதல்ல கணக்கு. 5 லட்சம், 14 சதவீதம் வட்டி, 5 வருஷம்னா மாச இஎம்ஐ 11,634. அதுவே 5,15,000-க்கு 11,983. வித்தியாசம் 349 ரூபாய்தான், அதனாலதான் யாரும் கண்டுக்கிறதில்ல, ரெண்டு பேரு கறி பிரியாணி சாப்பிட்டா போற காசுதானேன்னு விட்டுடுறாங்க. ஆனா 60 மாசத்துக்குக் கூட்டிப் பாருங்க, 20,940 ரூபாய் வருது. 15,000 ரூபாய் பாலிசிக்கு கிட்டத்தட்ட 21,000 கட்டுறீங்க. இன்னொரு கோணத்துலயும் பாக்கலாம்: இன்சூரன்ஸே இல்லாம 5 லட்சத்துக்கு 15.3 சதவீதம் வட்டி போட்டா என்ன இஎம்ஐ வருமோ அதுதான் இந்த 11,983. அதாவது 14-னு சொல்லி வித்த லோன் உங்களுக்கு 15.3-க்கு விழுது. வட்டில கால் சதவீதம் கொறைக்கச் சொல்லி நாலு பேங்க் ஏறி இறங்குற நம்ம ஆளுங்க இந்த 1.3-ஐ ஒரு கேள்வி கேக்காம விட்டுடுறது எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

இதைக் கண்டுபிடிக்க நீங்க கணக்குப் போடணும்னுகூட அவசியம் இல்ல. 2024 அக்டோபர் 1-ல இருந்து புதுசா குடுக்குற எல்லா ரீடெய்ல் லோனுக்கும் கேஎஃப்எஸ்னு லோனோட முக்கிய விவரமெல்லாம் இருக்குற ஒரு தாள் குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, அதுல ஏபிஆர்னு ஒரு சதவீதக் கணக்கு இருக்கும், அது வட்டி மட்டும் இல்ல, ப்ராசஸிங் ஃபீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு உண்மைல எவ்வளவு செலவாகுதுங்கிற நம்பர். இன்சூரன்ஸ் காசை பேங்க் வேற கம்பெனிக்காக வாங்கிக் குடுத்தாலும் ஏபிஆர்ல அதையும் சேக்கணும், தனியாவும் காட்டணும். கேஎஃப்எஸ்ல இல்லாத ஒரு சார்ஜை உங்க சம்மதம் இல்லாம பின்னாடி போடவும் கூடாது. மச்சான் பேப்பர்ல அந்தத் தாள் இருந்துச்சு, கையெழுத்தும் இருந்துச்சு, ஆனா கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்துல பொடி எழுத்துல. "இதை யாரும் படிச்சுக் காட்டலையா மாப்ள"ன்னு கேட்டேன். "ஓடிபி வந்துச்சு மச்சான், சொல்லுங்க சொல்லுங்கன்னு வரிசையா கேட்டாங்க, எது எதுக்குன்னு தெரியாது, சொல்லிட்டேன்"னான். இப்ப சம்மதம்ங்கிறது இப்படித்தான் வாங்கப்படுது, அஞ்சு ஓடிபில ஒண்ணு இன்சூரன்ஸுக்கு.

சரி, இந்த பாலிசி என்னதான் பண்ணும்? பெரும்பாலும் இது க்ரூப் பாலிசி. பாலிசி பேங்க் பேர்ல இருக்கும், உங்களுக்கு வர்றது சிஓஐங்கிற இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட் மட்டும்தான். நீங்க லோன் காலத்துல இறந்துட்டா அந்தத் தேதிக்கு அட்டவணைப்படி இருக்க வேண்டிய பாக்கியை இன்சூரன்ஸ் கம்பெனி பேங்க்குக்குக் கட்டும். "அட்டவணைப்படி"ங்கிறதைக் கவனிங்க, நாலு இஎம்ஐ கட்டாம விட்டு அதுக்கு வட்டி, அபராதம்னு ஏறியிருந்தா அது பொதுவா இதுல வராது, குடும்பத்து தலைலதான் விழும். பெரும்பாலானதுல கவர், அதாவது இறந்தா கம்பெனி கட்டுற தொகை, மாசா மாசம் கொறஞ்சுக்கிட்டே வரும், ஆனா பிரீமியத்தை நீங்க முதல் நாளே மொத்தமா கட்டியாச்சு. மச்சான் லோனையே எடுத்துக்குங்க, ரெண்டு வருஷம் கழிச்சு பாக்கி 3,40,000 கிட்ட, நாலு வருஷம் கழிச்சு வெறும் 1,30,000 கிட்ட. கடைசி வருஷத்துல அந்த பாலிசி காப்பாத்துறது அம்புட்டுதான்.

சிலதுல இதோட வேலை போனா இஎம்ஐ கட்டும், ஆக்சிடெண்ட், பெரிய வியாதி வந்தா பணம் வரும்னு சேர்த்து விப்பாங்க. வேலை போனாங்கிறதைப் பத்தி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். பொதுவா அதுல நீங்களா ரிசைன் பண்ணினா கிடையாது, சரியா வேல பாக்கலன்னு அனுப்புனா கிடையாது, ப்ரொபேஷன்ல இருந்தா கிடையாது, சொந்தத் தொழில்னா கிடையாது, கிடைச்சாலும் ரெண்டு மூணு இஎம்ஐக்குத்தான். நம்ம ஊர்ல ஜவுளிக்கடைல, ஹோட்டல்ல, லாரி செட்ல, பட்டறைல வேல பாக்குறவங்கள்ல எத்தனை பேருக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்கு? "நாளைல இருந்து வர வேணாம்ப்பா"ன்னு ஓனர் வாயால சொல்றதுதான் டெர்மினேஷன். அதுக்கு எழுத்துல ஆதாரம் கேட்டா எங்க போறது? மாட்டுத்தாவணி மார்க்கெட்ல பூக்கடை வச்சிருக்கவங்களுக்கும் இந்த வேலைபோன கவரை சேர்த்து வித்திருக்காங்க, அவங்களுக்கு வேலைன்னு ஒண்ணு இருந்தாத்தானே போறதுக்கு. அந்தப் பகுதிக்குக் குடுக்குற காசு பூராம் வீண்.

இப்ப என்னென்ன வழி இருக்குன்னு ஒண்ணொண்ணா பாப்போம்.

ஃப்ரீ லுக்ல, அதாவது பாலிசியைப் படிச்சுப் பாத்துட்டு வேணாம்னு திருப்பிக் குடுக்குறதுக்குன்னு இருக்குற நாளுக்குள்ள, கேன்சல் பண்றதுதான் எல்லாத்துலயும் லாபமானது, ஆனா நாள் கம்மி. பாலிசி டாக்குமெண்ட் உங்க கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாள். முன்னாடி இது 15 நாளா இருந்துச்சு, 2024-ல இன்சூரன்ஸ் கம்பெனிங்களைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐயோட புது விதில 30 ஆச்சு. க்ரூப் பாலிசியா இருந்தா உங்க சிஓஐல ஃப்ரீ லுக்னு ஒரு பாரா இருக்கும், அதைத் தேடிப் படிங்க. ஒரு வருஷத்துக்குக் கொறஞ்ச பாலிசிக்கு இது கிடையாது. காரணம் பெருசா எழுத வேணாம், "இந்த பாலிசியோட நிபந்தனைகள் எனக்கு ஒத்து வரல"ன்னு ஒரு வரி போதும். கவர் இருந்த அந்தக் கொஞ்ச நாளுக்கான ரிஸ்க் பிரீமியம், ஸ்டாம்ப் டியூட்டி, மெடிக்கல் டெஸ்ட் எடுத்திருந்தா அந்தச் செலவு, இது மூணையும் கழிச்சுட்டு மிச்சம் பூராத்தையும் குடுத்துடணும். ரெக்வெஸ்ட் குடுத்த 7 நாளைக்குள்ள குடுக்கணும்னும் இருக்கு.

இதுல மூணு விஷயம் ஜாக்கிரதை. ஒண்ணு, பாலிசி உங்களுக்கு வந்ததா இல்லையாங்கிறதே சிக்கல். வாட்ஸப்ல ஒரு லிங்க், இல்ல நீங்க பாக்காத ஒரு ஈமெயில்ல பிடிஎஃப்னு அனுப்பிட்டு "குடுத்தாச்சு"ன்னுடுவாங்க. லோன் வந்த வாரமே ஈமெயில்ல ஸ்பாம் வரைக்கும் தேடுங்க, இல்லன்னா "எனக்கு சிஓஐ வரல, அனுப்புங்க"ன்னு பேங்க்குக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ரெண்டு பேருக்கும் மெயில் போட்டு வைங்க, அந்த மெயில்தான் பின்னாடி நீங்க தேதியை நிரூபிக்கிற ஆதாரம். ரெண்டு, பிராஞ்ச்ல வாயால சொல்லிட்டு வந்துடாதீங்க. மச்சான் பிராஞ்ச்சுக்குப் போனான், "அடுத்த வாரம் வாங்க தம்பி, சிஸ்டம்ல ஆப்ஷன் வரல"ன்னாங்க, அடுத்த வாரம் போனா "மேடம் லீவு". இப்படியே 30 நாளும் ஓடிப்போயிடும். அதனால இன்சூரன்ஸ் கம்பெனியோட கஸ்டமர் கேர் மெயிலுக்கே நேரா எழுதுங்க, பேங்க்குக்கு காப்பி வைங்க, சிஓஐ நம்பர், லோன் நம்பர், குறுக்க "கேன்சல்டு"ன்னு எழுதுன ஒரு செக், கையெழுத்து போட்ட லெட்டர், அவ்வளவுதான். அவனுக்கு அப்படி எழுதுனப்பறம்தான் வேல நகர்ந்துச்சு. மெயில் பழக்கம் இல்லாதவங்க தல்லாகுளம் ஹெட் போஸ்ட் ஆபீஸ்ல ஸ்பீட் போஸ்ட்ல, டெலிவரி ஆனதுக்கு ஆதாரம் கேட்டு அனுப்பலாம், அந்த ஆதாரம் வந்தா பத்திரமா வைங்க.

மூணாவது, பலரும் கோட்டை விடுற இடம்: பணம் எங்க திரும்பி வரும்? பிரீமியம் லோன்ல சேர்ந்திருந்தா ரீஃபண்ட் பெரும்பாலும் லோன் அக்கவுண்ட்லதான் விழும், உங்க கைக்கு வராது. அது நல்லதுதான், அசல் கொறையும். ஆனா அசல் கொறஞ்சதும் இஎம்ஐ தானா கொறஞ்சுடும்னு நெனைக்காதீங்க. இஎம்ஐ அதே 11,983-தான் போய்க்கிட்டு இருக்கும், கடைசில ரெண்டு இஎம்ஐ கிட்ட கொறையும். "புது ரீபேமெண்ட் ஷெட்யூல் குடுங்க"ன்னு எழுதிக் கேட்டு வாங்குங்க, அதுல அசல் கொறஞ்சிருக்கான்னு பாருங்க. கேக்காம விட்டா பணம் எந்தக் கணக்குலயும் சேராம எங்கயோ ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தூங்கும், ஆடிட்ல இதை நான் நெறைய பாத்திருக்கேன்.

"கேன்சல் பண்ணா வட்டி ஏத்திடுவோம்"னு சில இடத்துல சொல்வாங்க. பயப்பட வேணாம், முதல்ல சாங்ஷன் லெட்டர்ல அப்படி ஒரு நிபந்தனை இருக்கான்னு காட்டச் சொல்லுங்க. இல்லன்னா அது வெறும் பேச்சு. உண்மைலேயே இருந்தாலும் கணக்குப் போடுங்க: 14 சதவீதம் 14.5 ஆனா இஎம்ஐ 11,764, மாசம் 130 கூடுது, 5 வருஷத்துக்கு 7,800. பாலிசிக்குப் போறது 20,940. அரை சதவீதம் ஏத்துனாலும் கேன்சல் பண்றதுதான் மலிவு. இன்னொண்ணு, ஒரு சேவையை வாங்கணும்னா இன்னொண்ணையும் வாங்கியே ஆகணும்னு கட்டாயப்படுத்துறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல கட்டுப்படுத்தப்பட்ட வணிக முறைன்னு வருது. இதைக் கத்திச் சொல்ல வேணாம், மெயில்ல ஒரு வரியா எழுதினாலே தொனி மாறும்.

30 நாள் தாண்டிப் போச்சுன்னா? அப்ப சரண்டர்தான், அதாவது பாலிசியைப் பாதில விட்டுட்டு வர்றதை வாங்கிக்கிறது, அது வேற கதை. பாலிசிக்குப் பாலிசி கணக்கு மாறும், ஆனா பொதுவா கட்டுன பிரீமியத்துல மிச்சம் இருக்குற மாசம் எவ்வளவு, மிச்சம் இருக்குற கவர் எவ்வளவுன்னு ரெண்டாலயும் கொறைச்சு, அதுலயும் ஒரு பங்கைத்தான் குடுப்பாங்க. உதாரணத்துக்கு அந்த 15,000-ல ஜிஎஸ்டி போக பிரீமியம் 12,712. ரெண்டு வருஷம் கழிச்சு சரண்டர் பண்றீங்கன்னு வைங்க, மிச்ச மாசம் 60-க்கு 36, மிச்சக் கவர் 68 சதவீதம், ரெண்டையும் பெருக்கினா 5,200 கிட்ட வரும், அதுல 70 சதவீதம்னா 3,600, 50 சதவீதம்னா 2,600. கட்டுன ஜிஎஸ்டி போனது போனதுதான். அந்த 3,600-க்காக மிச்சம் மூணு வருஷக் கவரை விடணுமாங்கிறதுதான் அப்ப கேள்வி. எனக்குத் தோணுறது, ஃப்ரீ லுக் தாண்டி முதல் சில மாசத்துக்குள்ளன்னா சரண்டர் மதிப்பு என்னன்னு எழுதிக் கேளுங்க, நல்ல தொகை வந்தா, வேற கவரும் கைல இருந்தா விட்டுடலாம், ரெண்டு வருஷம் தாண்டிடுச்சுன்னா பெரும்பாலும் வச்சுக்கிறதே மேல், ஏன்னா காசு ஏற்கனவே போயாச்சு, கவராச்சும் இருக்கட்டும்.

ஆனா லோனை முன்கூட்டியே அடைச்சீங்கன்னா, இல்ல வேற பேங்க்குக்கு மாத்துனீங்கன்னா அப்ப கட்டாயம் கேக்கணும். நகையை வித்தோ சீட்டுப் பணம் எடுத்தோ லோனை முடிச்சுட்டு பாக்கி இல்லன்னு பேங்க் குடுக்குற என்ஓசி வாங்குன சந்தோஷத்துல வந்துடுறாங்க, இன்சூரன்ஸ் பத்தி ஒரு வார்த்தை கேக்குறதில்ல. லோன் முடிஞ்சா பாலிசியை சரண்டர் பண்ணி பணம் வாங்கலாம், இல்ல மிச்சக் காலத்துக்கு கவரைத் தொடரலாம், ரெண்டுல எது உண்டுன்னு சிஓஐல இருக்கும். நீங்க கேட்டாத்தான் கிடைக்கும், அவங்களா கூப்பிட்டுக் குடுக்குறது அபூர்வம். மாத்துற இடத்துலயும் புது லோனுக்கு புதுசா ஒரு இன்சூரன்ஸ் ஒட்டுவாங்க, வட்டி 1 சதவீதம் கொறையுதுன்னு மாத்திட்டு அந்த லாபத்தை பிரீமியமா குடுத்துட்டு நிப்பீங்க.

இப்ப முக்கியமான வழி, வேற கவர் எடுத்துட்டு இதைக் கேன்சல் பண்றது. மச்சானுக்கு நான் சொன்னது இதுதான். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பொண் கொழந்தை இருக்கு. அவன் இல்லாமப் போனா வீட்டுக்கு வேண்டியது லோன் அடைக்கிறது மட்டுமா? வாடகை, படிப்பு, சாப்பாடு யார் பாக்குறது? லோன் இன்சூரன்ஸ் பேங்க்கைத்தான் முதல்ல பாக்கும், டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது குறிப்பிட்ட வருஷத்துக்குள்ள இறந்தா மட்டும் பணம் குடுக்குற பாலிசி, அதோட பணம் நேரா நாமினி கைக்கு வரும், அதுல லோனை அடைச்சுட்டு மிச்சத்துல வீடு நடக்கும். கவரும் மாசா மாசம் கொறையாது, லோன் முடிஞ்சாலும் பாலிசி நிக்காது. மாசம் 349-னா வருஷம் 4,188, 31 வயசுல புகைப்பழக்கம் இல்லாத, வியாதி இல்லாத ஒரு ஆளு அந்தக் காசை வச்சுக்கிட்டு டேர்ம் கோட் எடுத்துப் பாத்தா 5 லட்சத்தைவிடப் பல மடங்கு கவர் வரும், விலை ஆளுக்கு ஆள், கம்பெனிக்கு கம்பெனி மாறும்ங்கிறதால நீங்களே எடுத்துப் பாருங்க. இதுல வரி வேற ஒரு கணக்கு: 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனா க்ரூப் பாலிசிக்கு அந்த விலக்கு இல்ல, 18 சதவீதம் அப்படியே இருக்கு. லோனோட வர்றது பெரும்பாலும் க்ரூப்தான்.

சம்பளத்துக்குச் சரியான ஆதாரம் இல்லாதவங்களுக்குப் பெரிய டேர்ம் பாலிசி குடுக்க யோசிப்பாங்க, உண்மைதான். அவங்களுக்கு சரள் ஜீவன் பீமான்னு எல்லா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியும் ஒரே மாதிரி விக்கிற ஒரு டேர்ம் பாலிசி இருக்கு, 5 லட்சத்துல இருந்து 25 லட்சம் வரைக்கும், 18-ல இருந்து 65 வயசுக்குள்ள எடுக்கலாம், முதல் 45 நாள் விபத்துல இறந்தா மட்டும்தான் கவர். அதுவும் முடியாதுன்னா பேங்க்ல, போஸ்ட் ஆபீஸ்ல இருக்குற பிரதமர் ஜீவன் ஜோதி. வருஷத்துக்கு 436 ரூபாய், எந்தக் காரணத்துல இறந்தாலும் 2 லட்சம், 18-ல இருந்து 50 வயசுக்குள்ள சேரணும், சேர்ந்தவங்க 55 வரைக்கும் தொடரலாம். சேர்ந்த முதல் 30 நாள் விபத்து தவிர வேற மரணத்துக்குக் கிடையாது. கூடவே 20 ரூபாய் கட்டுனா சுரக்ஷா பீமா, விபத்துல இறந்தா இன்னொரு 2 லட்சம். ரெண்டையும் சேர்த்து 5 வருஷத்துக்கு 2,280 ரூபாய். 20,940 எங்க, 2,280 எங்க. 5 லட்சம் லோனுக்கு முதல்ல 2 லட்சம் பத்தாதுதான், ஆனா மூன்றரை வருஷம் ஆகுறப்பவே பாக்கி 2 லட்சத்துக்குக் கீழ வந்துடும், அப்பறம் லோன் இன்சூரன்ஸைவிட இதுதான் பெரிய கவர். ஒரே ஒரு கவனம், இது ஜூன் 1-ல இருந்து மே 31 வரைக்கும்தான், வருஷா வருஷம் மே கடைசில அக்கவுண்ட்ல காசு இருக்கணும், இல்லன்னா சத்தமில்லாம நின்னுடும். சம்பள அக்கவுண்ட்ல மாசக் கடைசில 436 ரூபாய் இல்லாமப் போறது நம்ம வீடுகள்ல புதுசு இல்ல, அதனால அந்த மாசம் மட்டும் ஞாபகமா விட்டு வைங்க.

வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல புது பாலிசி, அது கைக்கு வந்து, அதுல இருக்குற வெயிட்டிங் நாளையும் பாத்துட்டு, அப்பறம் பழசைக் கேன்சல். மாத்திப் பண்ணக் கூடாது. 30 நாள் ஃப்ரீ லுக்குக்குள்ள இது நடக்கணும்னா லோன் வந்த முதல் வாரமே டேர்முக்கு அப்ளை பண்ணணும், மெடிக்கல் டெஸ்ட்டெல்லாம் வச்சா ரெண்டு மூணு வாரம் ஓடிடும். மச்சான் அப்படித்தான் பண்ணான், டேர்ம் பாலிசி வந்தப்பறம்தான் இதுக்கு மெயில் போட்டான்.

இப்ப அண்ணன் கதைக்கு வர்றேன். 53 வயசு, சுகர். ஜீவன் ஜோதில சேர வயசு தாண்டிடுச்சு. டேர்முக்குப் போனா சுகருக்காக பிரீமியம் ஏத்துவாங்க, இல்ல முடியாதுன்னே சொல்லலாம். லோன்ல மதினி கோ-அப்ளிகண்ட். இதுதான் எனக்கு எல்லாத்துலயும் பெரிய விஷயமாப் பட்டுச்சு. தனி ஆள் பேர்ல மட்டும் இருக்குற பர்சனல் லோன்னா, அவர் இறந்துட்டா வாரிசுங்க அவர்கிட்ட இருந்து வந்த சொத்து அளவுக்குத்தான் பொறுப்பு, அவங்க சொந்தக் காசுல இருந்து கட்டணும்னு பேங்க் கேக்க முடியாது. ஆனா கோ-அப்ளிகண்ட்டோ ஜாமீன் கையெழுத்தோ போட்டிருந்தா அந்த ஆளு முழு லோனுக்கும் பொறுப்பு. அண்ணன் இல்லன்னா மாசா மாசம் மதினி வாசல்லதான் வந்து நிப்பாங்க, அவங்களுக்கு தையல் வேல தவிர வேற வருமானம் இல்ல. அதனால "அண்ணே, இதைக் கேன்சல் பண்ணாதீங்க, காசு கூடத்தான், ஆனா உங்களுக்கு இந்த விலைல வேற எவனும் குடுக்க மாட்டான்"னு சொன்னேன்.

வச்சுக்கிறதோட வேல முடியல, அங்கதான் சிக்கல் ஆரம்பிச்சுச்சு. சிஓஐ கூட ஒரு ஆரோக்கிய டிக்ளரேஷன் இருந்துச்சு, "சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய் உண்டா"ன்னு வரிசையா கேள்வி, எல்லாத்துலயும் "இல்லை"ன்னு டைப் பண்ணி வந்திருக்கு, கீழ அண்ணன் கையெழுத்து. "அண்ணே, சுகர் இருக்குன்னு சொன்னீங்களா?" "யாருமே கேக்கலப்பா, கையெழுத்து போடுங்கன்னாங்க, போட்டேன்." இது சாதாரண விஷயம் இல்ல. நாளைக்கு க்ளெய்ம்னு போனா ஆஸ்பத்திரி ரெக்கார்டை எடுத்துப் பாத்து, முன்னாடியே சுகர் இருந்திருக்கு, மறைச்சுட்டாருன்னு தள்ளிடலாம். இன்சூரன்ஸ் சட்டம் 45-வது பிரிவுப்படி 3 வருஷம் தாண்டிட்டா எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேக்க முடியாது, ஆனா முதல் 3 வருஷம் கேக்கலாம், லோன்ல பாக்கி பெருசா இருக்குறதும் அந்த 3 வருஷம்தான். அதனால நாங்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுனோம்: "எனக்கு இத்தனை வருஷமா சுகர் இருக்கு, இன்ன மாத்திரை சாப்பிடுறேன், டிக்ளரேஷன்ல தவறா பதிவாகியிருக்கு, திருத்தி உறுதி பண்ணுங்க." ஃப்ரீ லுக் நாளுக்குள்ளேயே எழுதுனோம். அவங்க ஏத்துக்கிட்டா கவர் உறுதியாயிடும். கூடுதல் பிரீமியம் கேட்டா எவ்வளவுன்னு பாத்து முடிவு பண்ணலாம். முடியாதுன்னா பிரீமியம் திரும்பி வரும், ஏமாந்து 3 வருஷம் நம்பிக்கிட்டு இருக்குறதைவிட அது மேல். அண்ணனுக்கு அவங்க கூடுதலா ஒரு தொகை கட்டச் சொல்லி ஏத்துக்கிட்டாங்க, கட்டிட்டாரு. சுகர், பிபி இருக்குற யாரும் லோன் இன்சூரன்ஸை வச்சுக்கிறதா இருந்தா இன்னைக்கே அந்த டிக்ளரேஷனை எடுத்துப் பாருங்க. தயவு செஞ்சு பாருங்க.

ஆக, கேள்வி "நான் இல்லன்னா இந்த லோன் யார் தலைல விழும், அவங்களுக்கு வேற என்ன இருக்கு"ங்கிறதுதான். சின்ன வயசு, ஆரோக்கியம், வேற கவர் எடுக்க முடியும்னா கேன்சல். ஏற்கனவே நல்ல டேர்ம் பாலிசி இருக்கா, அப்பவும் கேன்சல், ரெண்டு நாள்கூட யோசிக்க வேணாம். கல்யாணம் ஆகாத, யாரும் ஜாமீன் போடாத, தன்னை நம்பி யாரும் இல்லாத பசங்களுக்கும் இது தேவையே இல்ல. வயசு ஏறி, வியாதி இருந்து, பொண்டாட்டியோ மகனோ கையெழுத்து போட்டிருந்தா வச்சுக்கிட்டு டிக்ளரேஷனைச் சரி பண்ணுங்க. நடுவுல இருக்குறவங்க, அதாவது 45 தாண்டி லேசா பிபி இருக்குன்னு சொல்றவங்க, முதல்ல டேர்முக்கு அப்ளை பண்ணிப் பாருங்க, கிடைச்சா அது, கிடைக்கலன்னா இது.

பிரிட்டன்ல இதே மாதிரி பேமெண்ட் ப்ரொடெக்ஷன்னு லோனோட சேர்த்து வித்து பெரிய பிரச்னையாகி, மொத்தமா முதல்லயே பிரீமியம் வாங்குற வகையை பர்சனல் லோனோட விக்கிறதை 2009-ல நிறுத்த வச்சாங்க, புகார் குடுக்க 2019 ஆகஸ்ட் 29 வரைக்கும் நாள் குடுத்து, பேங்க்குங்க ஜனங்களுக்கு 3,800 கோடி பவுண்டு கிட்ட திருப்பிக் குடுத்துச்சு. இங்க அப்படி மொத்தமா யாரும் திருப்பித் தரல, அவங்கவங்க எழுதிக் கேட்டு வாங்கணும்.

எழுதியும் பதில் இல்லன்னா வழி ரெண்டு இருக்கு, யார் மேல புகார்ங்கிறதைப் பொறுத்து. சம்மதம் இல்லாம காசு புடிச்சது, ரீஃபண்டை லோன்ல வரவு வைக்காதது எல்லாம் பேங்க் தப்பு. முதல்ல பேங்க்குக்கு எழுத்துல புகார், 30 நாள்ல பதில் இல்லன்னா, இல்ல பதில் சரியில்லன்னா புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன், அவங்களுக்கு ரிசர்வ் பேங்க்கோட சிஎம்எஸ்ங்கிற புகார் வெப்சைட்ல போடலாம், 14448-க்கு ஃபோன் பண்ணி விவரம் கேக்கலாம், செலவு கிடையாது, வக்கீலும் வேணாம். கேன்சல் பண்ண மாட்டேங்குறது, ரீஃபண்டை இழுக்குறது, க்ளெய்மைத் தள்ளுறது இன்சூரன்ஸ் கம்பெனி தப்பு. அதுக்கு ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா போர்ட்டல், இல்ல 155255. அதுலயும் நடக்கலன்னா சென்னைல இருக்குற இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், மதுரைக்காரங்களுக்கும் அவங்கதான், கம்பெனி பதில் குடுத்த ஒரு வருஷத்துக்குள்ள போகணும். மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயும் கேஸ் போடலாம், குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா அதுக்கு ஃபீஸ் இல்ல. எங்க போனாலும் கேக்குறது கேஎஃப்எஸ், சிஓஐ, சாங்ஷன் லெட்டர், நீங்க போட்ட மெயில், இந்த நாலும்தான். பேப்பர் கைல இல்லாதவங்க பிராஞ்ச்ல எழுதிக் குடுத்து ஒரு செட் வாங்கி வச்சுக்குங்க, 30 நாள் ஓடிக்கிட்டு இருக்குறவங்க அதுக்காகக் காத்திருக்காம இன்னைக்கே கேன்சல் மெயிலைப் போட்டுட்டு பேப்பரைப் பின்னாடி வாங்குங்க.